அந்த ஒற்றைச் சொல்லை நம்பி வீடு மாறலாமா?

கேட்டவர் கோவையிலிருந்து வந்து லண்டனின் வடமேற்கிலுள்ள ஹாரோவில் இரண்டு வருஷமாக இருக்கும் ஒரு தாய். மகளுக்கு அக்டோபர் 31-க்குள் செகண்டரி பள்ளி விண்ணப்பம் போட வேண்டும். மூன்று பள்ளிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது 2022-இல், இங்கிலாந்துப் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பிடம் ‘அவுட்ஸ்டாண்டிங்’ வாங்கியது; நான்கு கிரேடில் அதுதான் உச்சம். அதன் எல்லைக்குள் போக வேண்டுமானால் மாதம் 300 பவுண்டு கூடுதல் வாடகையில் வீடு மாற வேண்டும். இரண்டாவதற்கு 2025 தொடக்கத்தில் ஆய்வு நடந்தது. அதில் நான்கு தனித்தனி கிரேடுகள் இருக்கின்றன, மொத்தமாக ஒன்றும் இல்லை. மூன்றாவதுக்கு அண்மையில் வந்திருப்பது புது மாதிரி ரிப்போர்ட் கார்டு. “மூன்றையும் எப்படி ஒப்பிடுவது? ஆஃப்ஸ்டெட் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?” என்கிறார்.

என்னைப் பற்றி ஒரு வரி. மதுரைப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் ஆறு வருஷம், பிறகு லண்டனில் இரண்டு செகண்டரி பள்ளிகளில் இருபத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். இப்போது ஒரு பள்ளியின் கவர்னர், அதாவது நிர்வாகக் குழு உறுப்பினர். ஐந்து ஆஃப்ஸ்டெட் ஆய்வுகளுக்குள் இருந்து எழுந்து வந்தவன். அந்த அமைப்பின் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. படிக்கும்போது அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஆய்வறிக்கையில் ‘நாங்கள் பார்த்தோம், இது நடக்கிறது, இது நடக்கவில்லை’ என்று எழுதியிருக்கும் வாக்கியங்களைப் பெரும்பாலும் நம்பலாம். அந்த வாக்கியங்களையெல்லாம் காய்ச்சி வடித்து மேலே ஒட்டும் கிரேடை அந்த அளவுக்கு நம்ப முடியாது. ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

பி.எட். படித்த காலத்தில் தேர்வுகளைப் பற்றி இரண்டு சொற்களை உருப்போட்டோம்: நம்பகத்தன்மை, ஏற்புடைமை. ஒரே சரக்கைப் பத்துத் தடவை வைத்தாலும் பத்துத் தடவையும் ஒரே எடை காட்டினால் தராசுக்கு நம்பகத்தன்மை உண்டு. அது காட்டுவது உண்மையான எடைதானா என்பது ஏற்புடைமை. எங்கள் ஊர் ரேஷன் கடைத் தராசுக்கு முதலாவது அபாரமாக இருந்தது. கிலோவுக்கு ஐம்பது கிராம், மாதாமாதம், ஒரு கிராம் பிசகாமல் குறையும்.

பள்ளி ஆய்வுக்கு இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனியாகப் போட வேண்டும். முதல் கேள்வி: ஒரே பள்ளிக்கு இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே போனால் ஒரே முடிவுக்கு வருவார்களா? 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆஃப்ஸ்டெட் பிறந்தது. இந்தக் கேள்வியை அது தன்னிடமே ஒழுங்காகக் கேட்டு விடையை வெளியிட்டது 2017-இல்தான். 24 பள்ளிகளுக்கு ஒரே நாளில் இரண்டிரண்டு ஆய்வாளர்களை அனுப்பி, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் வைத்துப் பார்த்தார்கள். 22 பள்ளிகளில் இருவரும் ஒத்துப்போனார்கள். 92 விழுக்காடு. செய்தியாக வந்தபோது நன்றாகத்தான் இருந்தது.

கணக்கு வாத்தியார் புத்தி விடுமா? அந்த 24-உம் ஆரம்பப் பள்ளிகள். செகண்டரி ஒன்றுகூட இல்லை. ஆரம்பப் பள்ளியில் இருநூறு முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள், ஓர் ஆய்வாளர் ஒரு நாளில் முழுப் பள்ளியையும் சுற்றிவிடலாம். செகண்டரியில் ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள், பத்துப் பன்னிரண்டு துறைகள். அடுத்தது, அவர்கள் எடுத்த முடிவு நான்கு கிரேடில் ஒன்று அல்ல. ஏற்கெனவே ‘குட்’ வாங்கிய பள்ளி அப்படியே தொடர்கிறதா, முழு ஆய்வுக்கு அனுப்ப வேண்டுமா என்ற இரண்டில் ஒன்று. இந்த மாதிரிக் கேள்வியில் ஒத்துப்போவது பார்வைக்குத் தெரிவதைவிட எளிது. பத்துக்கு ஒன்பது பேர் தேறும் தேர்வு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாத்தியார்கள் விடைத்தாளையே பார்க்காமல், குத்துமதிப்பாகப் பத்தில் ஒன்பதுக்கு ‘பாஸ்’ போட்டுக்கொண்டே போனாலும் நூற்றுக்கு 82 தாளில் இருவர் முடிவும் ஒன்றாகவே இருக்கும். அதனால் 92 என்பது கேவலமான எண் அல்ல, ஆனால் கேட்டதும் வரும் நிம்மதி அளவுக்குப் பெரிய எண்ணும் அல்ல.

வகுப்பறைக்குள் நடப்பதை மதிப்பிடுவது இதைவிடச் சிரமம். 2014 வரை ஆய்வாளர் பின் பெஞ்சில் இருபது நிமிஷம் உட்கார்ந்து பாடத்துக்கு ஒரு கிரேடு போட்டுவிட்டுப் போவார். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் ராபர்ட் கோ கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் கூட்டிப் பார்த்துச் சொன்னதன் சாரம்: ஒருவர் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்ற அதே பாடத்துக்கு இன்னொருவர் வேறு கிரேடு போடுவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். அதே ஆண்டு தனித்தனிப் பாடங்களுக்குக் கிரேடு போடுவதை ஆஃப்ஸ்டெட் கைவிட்டது. அந்தக் கிரேடை வைத்துச் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆய்வாளர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. முழுநேர ஊழியர்கள் எச்.எம்.ஐ. எனப்படுவார்கள். மற்றவர்கள் ஒப்பந்தத்தில் வருபவர்கள், பலர் வேறு பள்ளிகளில் ஹெட் டீச்சராக இருப்பவர்கள். 2015 வரை இந்த இரண்டாம் வகையினரைத் தனியார் நிறுவனங்கள் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு ஆஃப்ஸ்டெட் அவர்களை நேரடியாகத் தன் கீழ் கொண்டுவந்தபோது, சுமார் 40 விழுக்காட்டினரைத் தகுதி போதாது என்று எடுத்துக்கொள்ளவில்லை. முந்தைய வருஷம்வரை அதே ஆட்கள்தான் பள்ளிகளுக்குக் கிரேடு போட்டார்கள். அவர்கள் போட்ட கிரேடுகள் ரத்தாகவில்லை. பின்னால் போக்கோவ், ஜெரிம், சிம்ஸ் என்ற மூன்று கல்வி ஆராய்ச்சியாளர்கள் 2011-க்கும் 2019-க்கும் இடையில் நடந்த 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். ஆரம்பப் பள்ளிகளில் எச்.எம்.ஐ. வந்தால் முடிவு சற்றுக் கடுமையாகவும் ஒப்பந்த ஆய்வாளர் வந்தால் சற்றுத் தாராளமாகவும் இருப்பது தெரிந்தது. வேறுபாடு பெரியது அல்ல. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் பள்ளிக்கு அந்தச் சிறு வேறுபாடே தலையெழுத்து.

ஆய்வு நாளுக்காகப் பள்ளி போடும் வேஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையில் வருஷாந்தர இன்ஸ்பெக்‌ஷனுக்கு டி.இ.ஓ. வரும் தேதி ஒரு மாதம் முன்பே தெரியும். பழைய வாத்தியார் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருப்பார்: “கேள்வி கேட்டால் எல்லாரும் கையைத் தூக்கணும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை.” டி.இ.ஓ.வுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவரும் ஒரு காலத்தில் வாத்தியார்தானே. இங்கிலாந்தில் வேஷம் போட நேரம் குறைவு. முந்தின நாள் போன் வரும், மறுநாள் காலை வாசலில் நிற்பார்கள். 2024 செப்டம்பர் முதல் அந்த போன் திங்கட்கிழமை மட்டும்தான். திங்கள் மதியம் தாண்டிவிட்டால் பள்ளி முழுக்க ஒரு பெருமூச்சு கேட்கும். அந்த அவகாசத்திலும் வேலை நடக்கும். நான் இருந்த ஒரு பள்ளியில் போன் வந்த மறுநாளே, அடங்காத பன்னிரண்டு பையன்களுக்குத் திடீரென ஓர் அருங்காட்சியகச் சுற்றுலா கிடைத்தது. அந்த வருஷம் நடத்தைக்கு எங்களுக்கு ‘குட்’.

இவ்வளவும் முதல் கேள்விக்கு. இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது: கிரேடு அளப்பது பள்ளியையா, பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீட்டையா? வசதியான தெருக்களிலிருந்து பிள்ளைகள் வரும் பள்ளிகளுக்கு நல்ல கிரேடு கிடைப்பதும், ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகள் கீழே விழுவதும் வருஷக்கணக்கான தரவில் திரும்பத் திரும்பத் தெரிவது. யார்க் பல்கலைக்கழகத்தின் சோஃபி ஃபான் ஷ்டும் தலைமையிலான ஓர் ஆராய்ச்சி 4,391 மாணவர்கள் பதினாறு வயதில் எழுதிய ஜி.சி.எஸ்.இ. தேர்வின் மதிப்பெண்ணை அவர்கள் பள்ளியின் ஆஃப்ஸ்டெட் கிரேடோடு வைத்துப் பார்த்தது. மாணவர்களுக்கிடையே உள்ள மதிப்பெண் வேறுபாட்டில் கிரேடு விளக்கியது 4 விழுக்காடு. பிள்ளை ஆரம்பப் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணையும் குடும்ப வசதியையும் கணக்கில் சேர்த்ததும் அது 1 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. பிள்ளைகள் பள்ளியில் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்பதற்கும் கிரேடுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு இல்லை. நம்மவர்கள் ‘அவுட்ஸ்டாண்டிங் பள்ளியில் சேர்த்ததால் பெண் நன்றாகப் படித்தாள்’ என்று விருந்துகளில் சொல்லும்போது நான் பேசாமல் பாயசம் சாப்பிடுவேன். அந்தப் பெண் ஏழு வயதிலிருந்து சனிக்கிழமை தோறும் டியூஷன் போனதை அவர்களே ஐந்து நிமிஷம் முன்னால் சொல்லியிருப்பார்கள்.

ஒரே செகண்டரி பள்ளி இரண்டு வருஷத்தில் உச்சியிலிருந்து அடிக்கு விழுந்த கதையும் உண்டு. பர்மிங்ஹாமில் ஆலம் ராக் பகுதியிலுள்ள பார்க் வியூ பள்ளிக்கு 2012-இல் ‘அவுட்ஸ்டாண்டிங்’. ஏழை முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி, தேர்வு முடிவுகளில் எழுந்து நின்றதற்காகப் புகழப்பட்டது. 2014-இல் ‘ட்ரோஜன் ஹார்ஸ்’ என்ற பெயரில் ஒரு மொட்டைக் கடிதம் வெளியே வந்தது. பள்ளிகளை மதவாதிகள் கைப்பற்றத் திட்டமிடுகிறார்கள் என்றது அது. போலிக் கடிதம் என்றே பின்னர் பரவலாகக் கருதப்பட்டது. அந்தக் கொந்தளிப்பில் ஆய்வாளர்கள் மறுபடி வந்தார்கள், இந்த முறை ‘இனாடிக்வேட்’. கட்டடம் அதேதான், பிள்ளைகள் அதே வீட்டுப் பிள்ளைகள்தான். இரண்டில் ஒரு முடிவு தவறாக இருந்திருக்க வேண்டும். அல்லது இரண்டு தடவையும் வெவ்வேறு விஷயத்தை அளந்திருக்க வேண்டும். 2012-இல் கண்ணில் பட்டது மதிப்பெண், 2014-இல் தேடியது வேறு. ஆய்வாளர் எதைத் தேடிக்கொண்டு வருகிறார் என்பது அந்த வருஷத்து அரசியலைப் பொறுத்தும் இருக்கிறது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

மேலே ஏறியவர்களை யாரும் எட்டிப் பார்க்காத காலமும் ஒன்று இருந்தது. 2012 முதல் 2020 வரை ‘அவுட்ஸ்டாண்டிங்’ பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு. சில பள்ளிகள் பத்துப் பதினைந்து வருஷம் அந்தப் பேனரைக் கேட்டில் மாட்டிக்கொண்டு இருந்தன. துணி நைந்தால் புதுசு அடித்து மாட்டினார்கள், ஆய்வு மட்டும் பழையது. விலக்கு நீங்கி 2021-22-இல் மறுபடி பார்க்கப் போனபோது, போன பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அந்தக் கிரேடை இழந்தன. நெடுங்காலம் பார்க்காத பள்ளிகளிலிருந்துதான் ஆரம்பித்தார்கள், அதனால் எல்லா அவுட்ஸ்டாண்டிங்கும் பொய் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. பலவும் இறங்கியது ‘குட்’ என்ற ஒரே ஒரு படிதான். ஆனாலும் அந்தப் பேனரைப் பார்த்து வீடு வாங்கியவர்கள் கொடுத்த விலை கொடுத்ததுதான்.

உங்களிடம் மூன்று பள்ளிக்கு மூன்று மாதிரி அறிக்கை இருப்பதற்குக் காரணம் ஒரு மரணம். 2022 நவம்பரில் ரெடிங்கிலுள்ள கேவர்ஷம் ஆரம்பப் பள்ளியில் ஆய்வு நடந்தது. கற்பித்தலும் பிள்ளைகளின் நடத்தையும் ‘குட்’. ஆனால் குழந்தைப் பாதுகாப்பு நடைமுறைகளில் குறை என்று மொத்த கிரேடை ‘இனாடிக்வேட்’ என்று இறக்கினார்கள். ஹெட் டீச்சர் ரூத் பெர்ரி 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வு அவர் மரணத்துக்குக் காரணமானவற்றில் ஒன்று என்று விசாரணை அதிகாரி அந்த டிசம்பரில் தீர்ப்பளித்தார். இடையில், அதே 2023 கோடையில் பள்ளியை மறுபடி ஆய்வு செய்து ‘குட்’ கொடுத்திருந்தார்கள். ஏழெட்டு மாதத்தில் சரிசெய்துவிடக்கூடிய குறைக்கும், பல வருஷமாகச் சீரழிந்த பள்ளிக்கும் ஒரே சொல்தான் இருந்தது. அறிக்கையின் உள்ளே இருந்த வாக்கியங்கள் அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் செய்தன. மேலே இருந்த சொல் அதை மறைத்தது.

2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் நீக்கப்பட்டது. உங்கள் இரண்டாவது பள்ளிக்கு மொத்த கிரேடு இல்லாதது அதனால்தான். குறை எதுவும் இல்லை. 2025 நவம்பரிலிருந்து ரிப்போர்ட் கார்டு: பாடத்திட்டமும் கற்பித்தலும், தேர்ச்சி, வருகையும் நடத்தையும், எல்லாப் பிள்ளைகளையும் அரவணைப்பது, பிள்ளைகளின் தனிப்பட்ட வளர்ச்சியும் நலனும், தலைமை என்று தனித்தனித் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் ஒன்று. பாதுகாப்பு மட்டும் உண்டு அல்லது இல்லை. உடைத்துச் சொல்வது நல்லது. ஆனால் முன்பு இரண்டில் ஒன்று என்ற கேள்விக்கே ஆய்வாளர்கள் முழுதாக ஒத்துப்போகவில்லை. இப்போது ஐந்து படி, ஆறு தலைப்பு, அதே இரண்டு நாள். ஒவ்வொரு தலைப்பிலும் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற தடுமாற்றம் கூடத்தான் செய்யும். மூன்றாவது பள்ளியின் கார்டில் ஒரு கட்டம் மட்டும் நிறம் மாறியிருப்பதைப் பார்த்து நீங்கள் பயந்ததாகத் தெரிகிறது. கட்டத்தை விட்டுவிட்டுக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தனியார் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்கு ஐ.எஸ்.ஐ. என்ற வேறு ஆய்வு அமைப்பு. சட்டம் கேட்பதைப் பள்ளி நிறைவேற்றுகிறதா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி. ஒரு பள்ளியை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவாது.

இனி உங்கள் மூன்று பள்ளி. முதல் பள்ளியின் கிரேடு 2022-இல் பார்த்தது. உங்கள் மகள் அங்கே சேர்ந்து ஜி.சி.எஸ்.இ. எழுதும்போது அதற்குப் பத்து வயது ஆகியிருக்கும். அதற்குள் ஹெட் டீச்சர் ஒரு தடவையாவது மாறியிருப்பார். கணக்குத் துறையில் பாதிப்பேர் போயிருப்பார்கள். ஒருவேளை இப்போதே மாறியிருக்கலாம். அறிக்கையில் இருக்கும் ஹெட் டீச்சர் பெயரையும் இன்று பள்ளியின் இணையதளத்தில் இருக்கும் பெயரையும் ஒப்பிடுங்கள். பெயர் வேறென்றால் அந்த அறிக்கை வேறொரு பள்ளியைப் பற்றியது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மதிப்பெண்ணைப் பார்க்கிறேன் என்றால் ‘ப்ராக்ரஸ் 8’ பாருங்கள். பிள்ளை ஆரம்பப் பள்ளி முடிவில் எங்கே நின்றாள், பதினாறு வயதில் எங்கே நிற்கிறாள் என்ற இடைவெளியை அது அளக்கும், வீட்டின் செல்வாக்கை ஓரளவாவது கழித்துவிடும். 2025, 2026 ஆண்டுகளுக்கு அது கிடையாது. கோவிட் காலத்தில் 2020, 2021-இல் ஆரம்பப் பள்ளித் தேர்வு நடக்காததால் ஒப்பிட அடிப்படை இல்லை. 2024-உம் அதற்கு முந்தைய வருஷமும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். கூடவே இன்னொன்று: பத்தாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், பதினோராம் ஆண்டில் எத்தனை பேர்? நடுவில் காரணமில்லாமல் குறைந்திருந்தால், தேர்வில் மதிப்பெண் குறையும் பிள்ளைகளை நைசாக வெளியே தள்ளியிருக்கலாம். நம்மூரில் ஒன்பதாம் வகுப்பிலேயே ‘டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பார்களே, அதேதான். ஆர்ப்பிங்டனில் உள்ள செயின்ட் ஓலேவ்ஸ், நம்மவர்கள் பலர் கனவு காணும், நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளி. அங்கே பதினாறு வயது தாண்டிய மாணவர்களை, மதிப்பெண் போதவில்லை என்று நடுவழியில் வெளியே அனுப்பியது 2017-இல் பெற்றோர் வழக்குக்குப் போன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பள்ளி பின்வாங்கியது.

பள்ளியை நேரில் பார்ப்பதில் ஒரு முறை உண்டு. ஓப்பன் ஈவினிங் என்பது கல்யாண மண்டபம் மாதிரி. எல்லாரும் சிரிப்பார்கள், வேதியியல் லேபில் ஏதாவது ஒன்று நீலமாகக் கொதிக்கும். அதற்குப் போங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண வேலைநாளில் வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பாடம் மாறும் அந்த ஐந்து நிமிஷம் நடைபாதையில் நில்லுங்கள். மாலை மூன்றேகாலுக்குப் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள், பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். நான் என் மகனுக்குப் பள்ளி பார்த்தது அப்படித்தான். ஆசிரியர்களிடம் ஒரே கேள்வி போதும்: “இங்கே எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?” பத்துப் பேரைக் கேட்டு எட்டுப் பேர் ‘இந்த செப்டம்பரில்தான் சேர்ந்தேன்’ என்றால் எந்த நிற கார்டும் அதைச் சரிசெய்யாது.

வாடகை விஷயம். மாதம் 300 என்றால் ஐந்து வருஷத்தில் 18,000 பவுண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாற மாட்டேன். இரண்டாவது பள்ளியின் அறிக்கையைத்தான் முதலில் எடுத்துப் படிப்பேன். சமீபத்தியது, ஒற்றைச் சொல்லின் நிழல் இல்லாதது, நான்கு பகுதியும் தனித்தனியே தெரிகிறது. நாளைக் காலை அந்தப் பள்ளி அலுவலகத்துக்கு போன் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். “ஓப்பன் ஈவினிங்குக்கு மட்டும்தான் வரலாம்” என்று சொன்னால் அதையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாவது பள்ளிக்கு அதே போனைப் போடுங்கள்.